நத்தார் தாத்தாவும் நம் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி பதில்

நத்தார் நெருங்குவதால் இம்மாதக் கேள்வி பதில் பக்கம் முழுவதையும் ஒரே விடயத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். பெற்றோர், ஆசிரியர், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் என்று பலரும் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியுள்ளோம்.

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. கரோல் பாட வந்தவர்களுடன் ஆடிக்கொண்டு வந்த நத்தார் தாத்தாவைக் கண்டதும் அலறிப்போய் அறைக்குள் ஒளிந்துவிட்டான். இந்த முறை மடியில் இருத்திப் படம் எடுத்தால் பயம் தெளியும் என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு தாய், குருநகர்

பதில்: செய்ய வேண்டாம். அழுகிற பிள்ளையைப் பிடித்து மடியில் இருத்தினால் படம் மட்டும்தான் மிஞ்சும். பயம் அடுத்த வருடத்துக்கும் தொடரும்.

இந்த வயதில் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் வழியும் தெரியும். 1969இல் றேற்றா டி விறீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மேனார்ட் என்ற சாதுவான பூனையைப் பிள்ளைகளுக்குக் காட்டித் தடவவும் விட்டார். பிறகு அதன் பின்பக்கம் தெரியும்படியே வைத்துக்கொண்டு முகத்தில் ஒரு நாய் முகமூடியை மாட்டினார். மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அது நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு வயதினருக்கு அது வேடமிட்ட பூனைதான் என்று விளங்கியது. உங்கள் மகன் நிற்பது இந்த முதல் படியில். பக்கத்து வீட்டு மாமா முகமூடி போட்டிருக்கிறார் என்று நீங்கள் சொல்லலாம். அவனுக்கோ மாமா போய் வேறொன்று வந்து நிற்கிறது. அதற்கு மேல் பிளாஸ்ரிக் முகமூடியின் வாய் அசையாது. அசையாத வாயிலிருந்து சத்தம் வருவதும், கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை தெரிவதும் பெரியவர்களுக்கே ஒருமாதிரித்தான் இருக்கும்.

கரோல் குழுவில் தெரிந்தவர் இருந்தால் முன்கூட்டியே இரண்டு விடயம் கேளுங்கள். உங்கள் வீட்டு வாசலில் முகமூடியைக் கழற்றிவிட்டு, தாடியோடு மட்டும் வரட்டும். ட்ரம் அடிப்பவர் படலைக்கு வெளியே நிற்கட்டும். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஐந்தாறு அடி தள்ளி நின்று பாருங்கள். தாத்தா பிள்ளையிடம் நேரே வராமல், ரொபியை உங்கள் கையில் தந்துவிட்டு நகர்ந்தால் போதும். முடிந்தால் அதற்கு முன் ஒரு பகல் வேளையில் சிவப்புத் தொப்பியையும் தாடியையும் பிள்ளையின் கையில் விளையாடக் கொடுங்கள். அப்பா அதைப் போடுவதையும் கழற்றுவதையும் அவன் கண்ணாலேயே பார்க்கட்டும். “பிறகு நத்தார் தாத்தாவை நம்பமாட்டானே” என்று கவலைப்பட வேண்டாம். மூன்றரை வயதில் இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஆரம்பப் பாடசாலை ஒளிவிழாவுக்கு நத்தார் தாத்தா வேடம் தைக்க வேண்டும். கடையில் வாங்கும் உடுப்பு ஒரு வருடத்தில் கிழிகிறது. பஞ்சு ஒட்டிய தாடி பாதி விழாவிலேயே உதிர்கிறது. நிலைத்து நிற்கிற மாதிரி எப்படிச் செய்வது? பிள்ளைகள் உடனே ஆளைக் கண்டுபிடிப்பதையும் தவிர்க்க வேண்டும்.
– ஓர் ஆசிரியை, வலிகாமம்

பதில்: பஞ்சை முதலில் விட்டுவிடுங்கள். உதிர்வதைவிடப் பெரிய குற்றம், அது நொடியில் தீப்பிடிக்கும். ஒளிவிழாவில் மெழுகுதிரி ஏற்றுவோம், வெளியில் சீனவெடி கொளுத்துவார்கள். நாடிக்குக் கீழே ஒரு பஞ்சுப் பொதியைக் கட்டிக்கொண்டு அதற்கு நடுவில் ஓர் ஆளை விடுவது சரியான வேலையல்ல. கீழே சொல்லும் நூல் தாடியும் தீயில் கருகவோ உருகவோ கூடியதுதான். அதனால் எந்தத் தாடியானாலும் தாத்தா மேடைக்கு வருமுன் மெழுகுதிரிகளை அணைத்துவிடுங்கள், அல்லது பட்டரி விளக்கு வையுங்கள்.

தாடிக்கு வேண்டியவை: வெள்ளைக் கம்பளி நூல் 100 கிராம், வெங்காயம் வருகிற வலைப்பை ஒன்று, பழைய பெனியன் துணி, ஒரு சென்ரிமீற்றர் அகல இலாஸ்ரிக், ஒரு குரோஷே ஊசி. வலையை மேலே 30 சென்ரிமீற்றர், கீழே 12 சென்ரிமீற்றர், உயரம் 25 சென்ரிமீற்றராக வெட்டுங்கள். மேல் விளிம்பிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் கீழே, நடுவில், 7 சென்ரிமீற்றர் நீளமும் இரண்டரை சென்ரிமீற்றர் அகலமுமாக வாய்க்குத் துளை விடுங்கள். துளை சிறுத்தால் குரல் தாடிக்குள்ளேயே அமுங்கிவிடும். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்குத் தன் பெயர் கேட்காது.

நூலை 30 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, மடிப்பை ஊசியால் வலைக் கண்ணுக்குள் இழுத்து, அந்த வளையத்துக்குள் இரு நுனியையும் விட்டு இறுக்குங்கள். கீழ் வரிசையில் தொடங்கி மேலே வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் தொங்கும் நூல் கைக்குக் குறுக்கே விழுந்து அடுத்த வரிசையைக் கட்டவிடாது. வரிசைக்கு வரிசை ஒன்றேகால் சென்ரிமீற்றர் இடைவெளி போதும். அறுநூறு துண்டளவில் தாடி நிறைந்துவிடும். கட்டி முடித்தபின் பழைய சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாக வாருங்கள். முறுக்குப் பிரிந்து நூல் பொங்கும். மீசையைத் தனியே செய்ய வேண்டும். 25 சென்ரிமீற்றர் நூல் இருபதை நடுவில் கட்டி, வாய்த்துளைக்கு மேல் தையுங்கள். வலை தோலை உராய்ந்து அரிக்கும், ஆகவே பின்புறம் முழுவதும் பெனியன் துணி வைத்துத் தைத்து, வாய்த்துளையை அதிலும் வெட்டிவிடுங்கள். இலாஸ்ரிக் ஒன்றல்ல, இரண்டு வேண்டும். ஒன்று காதுக்கு மேலால் பின்தலையைச் சுற்றி, மற்றது உச்சந்தலைக்கு மேலால். ஒன்றை மட்டும் போட்டால் தாத்தா பேசப் பேசத் தாடி நாடிக்குக் கீழே இறங்கும்.

உடுப்புக்குச் சற்றின் துணி பளபளக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. மார்கழியில் மழை பெய்தாலும் நம் மண்டபங்களுக்குள் புழுக்கம்தான். 45 அங்குல அகலச் சிவப்புப் பொப்லின் 5 மீற்றர் எடுத்தால் தொளதொளவென்ற மேற்சட்டை, காற்சட்டை, தொப்பி மூன்றும் வரும். கைமடிப்புக்கும் கீழ் விளிம்புக்கும் வெள்ளைத் துணி ஒரு மீற்றர், இடுப்புப் பட்டிக்கு எட்டு சென்ரிமீற்றர் அகலக் கறுப்பு ரெக்சின். வயிற்றுக்குத் தலையணையைக் கயிற்றால் கட்டாதீர்கள், ஆடும்போது தொடை வரை இறங்கிவிடும். பெரிய பெனியன் ஒன்றின் உட்புறத்தில் சின்னத் தலையணையைத் தைத்து, அந்தப் பெனியனையே உள்ளே போடச் சொல்லுங்கள்.

இனி ஆளைக் கண்டுபிடிக்கிற விடயம். தாடி முகத்தை மறைக்கும், ஆனால் பரிசு வாங்குகிற பிள்ளையின் கண் இருப்பது கொடுக்கிற கையில். “இது விளையாட்டு ஸேரின்ர மணிக்கூடு” என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும். மணிக்கூடு, மோதிரம், கையில் கட்டிய நூல் எல்லாவற்றையும் கழற்றி, வெள்ளைக் கையுறை போடவேண்டும். செருப்பும் அப்படித்தான். கறுப்புக் காலுறையைச் சப்பாத்துக்கு மேலால் இழுத்துவிட்டால் சப்பாத்து மறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் வகுப்பில் குரல் கேட்கிற ஒருவரை வேடமிட விடாதீர்கள். பழைய மாணவர் ஒருவரைக் கேளுங்கள்.

40 பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரை நிமிடம் என்றால் 20 நிமிடம் ஆகும். இந்த உடுப்புக்குள் ஒருவர் தாங்குகிற நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே பொதிகளைப் பெயர் வரிசைப்படி அடுக்கி, சாக்கின் வாய்ப்பக்கம் முதலாவது பெயர் வரும்படி வையுங்கள். பெயர் எழுதாத பொதி நாலைந்து மேலதிகமாகக் கட்டாயம் இருக்கவேண்டும். தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோர் எப்போதும் இருப்பார்கள். எல்லாப் பொதியும் ஒரே அளவாக இருக்கட்டும். பிள்ளைகள் பிரிக்குமுன்னரே ஒன்றோடொன்று அளந்து பார்ப்பார்கள்.

கேள்வி: “எங்கட வீட்டில புகைக்கூடு இல்லை, ஜன்னலுக்குக் கம்பி இருக்கு, நாய் வேற நிக்குது. பிறகெப்பிடி நத்தார் தாத்தா உள்ள வாறார்?” என்று ஆறு வயது மகள் துளைக்கிறாள். ஒரே இரவில் உலகம் முழுக்க எப்படிப் போவார் என்றும் கேட்கிறாள். என்ன சொல்ல?
– ஒரு தகப்பன், கொழும்புத்துறை

பதில்: ஒன்றும் இட்டுக்கட்ட வேண்டாம். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று திருப்பிக் கேளுங்கள். நம்பிக்கை ஆட்டம் காணத் தொடங்கும்போதுதான் பிள்ளைகள் இப்படிக் கேட்பார்கள். எது நடக்கும், எது நடக்காது என்று உலகத்தை அளக்கப் பழகுகிறாள், இது நல்ல அறிகுறி. நேரத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் உண்மையான விடை உண்டு. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் நள்ளிரவு வருவதில்லை. பசிபிக்கிலுள்ள கிரிபாத்தி நாட்டின் கிழக்குத் தீவுகளில் நத்தார் பிறந்து எட்டரை மணி நேரம் கழித்துத்தான் யாழ்ப்பாணத்தில் பிறக்கும். ரொரன்ரோவில் பிறக்க அதற்குமேல் இன்னும் பத்தரை மணி நேரம் ஆகும். ஒரு தோடம்பழமும் ரோச் லைற்றும் எடுத்து இருட்டறையில் சுழற்றிக் காட்டுங்கள். மற்றதை அவளே யோசிக்கட்டும்.

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பம். மகள் தரம் 2 படிக்கிறாள். சிநேகிதிகள் எல்லோருக்கும் கிடைக்கிறது என்று ஏங்கியதால் மூன்று வருடமாக நாங்களும் தலைமாட்டில் ஒரு பொதி வைக்கிறோம். இப்போது முகத்தைப் பார்த்து, “அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள்தானே வைக்கிறனீங்கள்?” என்கிறாள். சொன்னால் மனம் உடைந்துபோவாளோ, இனி எதைச் சொன்னாலும் நம்பமாட்டாளோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: சொல்லுங்கள். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. “எப்படி வாறார்?” என்பது விளையாட்டின் உள்ளே நின்று கேட்கிற கேள்வி. “உண்மையைச் சொல்லுங்கோ” என்பது விளையாட்டுக்கு வெளியே வந்து கேட்கிற கேள்வி. முதலாவதுக்கு மழுப்பலாம். இரண்டாவதுக்கு மழுப்பினால் அது பொய். பிள்ளைக்கு நோவது நத்தார் தாத்தா இல்லை என்பதல்ல, நேரே கேட்டும் அம்மா சொல்லவில்லை என்பதே.

வயதும் சரியான வயதுதான். 1978இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நான்கு வயதினரில் 85 வீதமும், ஆறு வயதினரில் 65 வீதமும், எட்டு வயதினரில் 25 வீதமும் நத்தார் தாத்தாவை நம்பினார்கள். 1994இல் வந்த இன்னோர் ஆய்வு, உண்மை தெரிந்துகொண்ட பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் விசாரித்தது. பெரும்பாலான பிள்ளைகள் ஏழு வயதளவில் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களுடைய உணர்வு பெரும்பாலும் நல்லதாகவே இருந்தது. கவலைப்பட்டவர்கள் பெற்றோர்தான். உங்கள் கடிதத்திலும் அதைத்தான் பார்க்கிறோம்.

சொல்கிற விதம் முக்கியம். பாடசாலைக்கு வெளிக்கிடும் அவசரத்திலோ, நத்தாருக்கு முதல்நாள் இரவிலோ, தம்பி பக்கத்தில் இருக்கும்போதோ வேண்டாம். ஆறுதலாக இருக்கும் ஒரு பின்னேரம், இருவர் மட்டும் இருக்கும்போது சொல்லுங்கள். “ஓம் பிள்ளை, நாங்கள்தான் வைக்கிறனாங்கள். நீ சந்தோசப்பட வேணுமெண்டுதான் வைச்சனாங்கள். நீயா யோசிச்சுக் கண்டுபிடிச்சிட்டாய், கெட்டிக்காரி.” இவ்வளவுதான். நீண்ட விளக்கம் வேண்டாம். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். சிரித்துக்கொண்டு “இவ்வளவு நாளும் நம்பினியோ?” என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. வீட்டில் மாமா, சித்தப்பாமாருக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

அதன்பிறகு அவளுக்கு உண்மையாகவே இருந்த ஒருவரின் கதையைச் சொல்லலாம். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மீறா என்ற ஊரில் நிக்கொலஸ் என்றொரு ஆயர் இருந்தார். சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். நிக்கொலஸ் இரவில் யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டு ஜன்னலால் பொற்காசு முடிச்சுகளை எறிந்தார் என்பது வழிவழியாக வரும் கதை. அவருடைய திருநாள் மார்கழி 6. ஒல்லாந்தர் அவரைச் சின்ரர்கிளாஸ் என்றார்கள். அந்தப் பெயரே அமெரிக்காவுக்குப் போய் சன்ரா குளோஸ் ஆனது. குண்டு உடம்பும் வெள்ளைத் தாடியுமான உருவத்தைப் பரப்பியவர் 1863 முதல் பத்திரிகையில் வரைந்த தோமஸ் நாஸ்ற். சிவப்புச் சட்டையைக் கொக்கா கோலா நிறுவனம்தான் கொடுத்தது என்று பலர் எழுதுவது பிழை. அவர்களுடைய புகழ்பெற்ற விளம்பரப் படங்கள் 1931இல்தான் வரத் தொடங்கின, சிவப்புச் சட்டை அதற்கு முன்பே இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைக்குச் சீதனக் கதை நன்றாகவே விளங்கும், கேள்வியும் கேட்பாள். அந்தக் கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

தம்பி இருந்தால் இந்த வருடப் பொதியை அவளையே கட்டவும் வைக்கவும் விடுங்கள். “இது தம்பிக்குச் சொல்லாதே” என்று மிரட்டுவதைவிட, அவளை வைக்கிறவர்களில் ஒருத்தியாக்குவது நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: “குழப்படி செய்தால் நத்தார் தாத்தா வரமாட்டார்” என்று சொல்லிப் பிள்ளையை அடக்கலாமா?
– ஒரு வாசகர், நெல்லியடி

பதில்: அது பிள்ளை பிடிகாரன் வாறான் என்ற பழைய மிரட்டலுக்குச் சிவப்புச் சட்டை போட்ட மாதிரி. பிள்ளை குழப்படி செய்வான், பரிசும் வரும், ஏனென்றால் நீங்கள் வாங்கி வைத்துவிட்டீர்கள். மிரட்டல் வெறும் பேச்சு என்று ஒரே வருடத்தில் பிடிபடும். உண்மையாகவே பரிசை நிறுத்தினால் அது இன்னும் மோசம். வேண்டாம்.

கேள்வி: ரொரன்ரோவிலிருக்கும் அண்ணாவின் மகனுக்கு நத்தார் தாத்தா ரப்லெற் கொடுத்தாராம். வீடியோவில் காட்டினான். எங்கள் மகனுக்குக் கலர்ப்பெட்டிதான் வைத்திருந்தோம். “நான் அவனைவிடக் கூடாத பிள்ளையோ?” என்று கேட்டான். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.
– ஒரு தாய், பாசையூர்

பதில்: உங்கள் மகனின் கணக்கில் பிழையில்லை. நல்ல பிள்ளைக்குத் தாத்தா பரிசு தருவார், அவனுக்குப் பெரிய பரிசு தந்தார், ஆகவே அவன் என்னைவிட நல்லவன். பெரியவர்கள் கொடுத்த இரண்டு சொல்லிலிருந்து பிள்ளை சரியாகவே முடிவெடுத்திருக்கிறான். மாற்ற வேண்டியது நாங்கள் கொடுத்த சொல்லை.

நாங்கள் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லும் விதி ஒன்று: நத்தார் தாத்தாவின் பெயரில் வைப்பது சிறிதாக இருக்கட்டும். கதைப்புத்தகம், கலர்ப்பெட்டி, பந்து, சொக்லேற், ஒரு சோடி காலுறை. சைக்கிள், ரப்லெற், தங்கச் சங்கிலி போன்றவற்றை அம்மா, அப்பா, மாமா என்று கொடுத்தவர் பெயரிலேயே கொடுங்கள். உழைத்து வாங்கியவருக்கு அந்த நன்றி போகட்டும். வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் தகப்பனுக்கு அந்த மாதம் கடலில் ஒன்றும் படாமல் இருந்திருக்கலாம். தாத்தா எல்லோருக்கும் கலர்ப்பெட்டிதான் கொடுத்தார் என்றால் அந்தப் பிள்ளை தன்னைக் குறைவாக நினைக்க மாட்டாது.

அண்ணாவுக்கும் இதை எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, யோசித்திருக்க மாட்டார்கள். மகனிடம் இப்போது, “ரப்லெற் மாமா காசு குடுத்து வாங்கினது” என்று சொல்லிவிடலாம். அதற்காகத் தாத்தாவைப் பற்றிய முழு உண்மையையும் இன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை. அவன் மேற்கொண்டு கேட்டால், சாவகச்சேரி அம்மாவுக்குச் சொன்ன பதில் உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் பாலன் குடிலைத் திரும்பியும் பார்க்காமல் நத்தார் தாத்தா, நத்தார் தாத்தா என்றே நிற்கிறார்கள். இது நம் விசுவாசத்துக்கு இடைஞ்சல் இல்லையா?
– ஒரு பாட்டனார், இளவாலை

பதில்: உங்கள் கவலை பழையது. புரட்டஸ்தாந்து சமயத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் காலத்திலேயே ஜேர்மனியில் பரிசு கொண்டுவருபவர் நிக்கொலஸ் அல்ல, குழந்தை இயேசுவே என்று மாற்றினார்கள். இன்று அவுஸ்திரியாவிலும் தென் ஜேர்மனியிலும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் பரிசு தருவது குழந்தை இயேசுதான். ஸ்பெயினில் தை 6ஆம் திகதி மூன்று ராசாக்கள் தருகிறார்கள். ஆகவே தாத்தா இல்லாமலும் நத்தார் நடக்கும்.

ஆனால் தாத்தாவைத் திட்டிப் பிள்ளைகளைக் குடிலுக்குத் திருப்ப முடியாது. குடிலில் அவர்களுக்கு வேலை கொடுங்கள். பெரியவர்கள் கட்டி முடித்த குடில் பிள்ளைக்கு வெறும் காட்சிப்பொருள். கூரைக்கு ஓலை வெட்டுவது, வைக்கோல் பரப்புவது, ஒரு தட்டில் பயறு விதைத்து நாலைந்து நாளில் முளைக்கும் பசும்புல்லைக் குடிலின் முன் வைப்பது எல்லாம் அவர்கள் கையால் நடக்கட்டும். பயறை 20ஆம் திகதியளவில் விதையுங்கள். முந்தினால் நத்தாரன்று நீண்டு சாய்ந்துவிடும், மழைநாளில் தண்ணீர் கூடினால் அழுகும். தொட்டிலை வெறுமையாக விட்டு, நள்ளிரவுத் திருப்பலியால் வந்ததும் வீட்டில் ஆக இளைய பிள்ளையின் கையால் பாலனை வைக்கச் சொல்லுங்கள். பொதி பிரிப்பது அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: நத்தார் தாத்தாவுக்குக் கடிதம் போட்டால் பதில் வருமாமே, உண்மையா?
– ஒரு வாசகி, நாவாந்துறை

பதில்: கனடாத் தபால் சேவை பல வருடங்களாகப் பதில் அனுப்பி வருகிறது. உறையில் சன்ரா குளோஸ், நோர்த் போல், எச் 0 எச் 0 எச் 0, கனடா என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். குறியீட்டில் எச் எழுத்துகளுக்கு இடையில் வருவது சைபர், ஓ எழுத்து அல்ல. கனடாவுக்குள் போடும் கடிதத்துக்கு முத்திரை வேண்டாம். இங்கிருந்து போட்டால் வெளிநாட்டு வான்தபால் முத்திரை ஒட்டவேண்டும். பதில் வராமல் போவதற்கு முக்கிய காரணம் அனுப்புபவரின் முகவரியை எழுதாமல் விடுவது. பிள்ளையின் கையெழுத்துக்குக் கீழே நீங்கள் ஒருமுறை முழு முகவரியையும், கடைசி வரியில் நாட்டின் பெயரையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள். கார்த்திகை மாதம் முடியுமுன் தபாலில் சேர்த்தால் நல்லது. அப்படியும் பதில் தைப்பொங்கலுக்குப் பிறகு வரலாம் என்று பிள்ளைக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.